விற்ற வீட்டின் கிரயம்

வேதபாகம்: ஆதியாகமம் 23-ஆம் அதிகாரம்



இந்த மாதம் ஒரு வீட்டைக் குறித்து உங்களோடு பேசப்போகிறேன். பரலோக வீட்டைக் குறித்து எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன், நீங்களும் உற்சாகமாய் ஆமென் சொல்லியிருக்கிறீர்கள். இது மண்ணுலக வீடு. ஓடு போட்டு, சுண்ணாம்பு அடித்து, பதினாலு சென்ட் இடத்தில் நின்ற எங்கள் அப்பா வீடு. அதை நாங்கள் விற்ற கதையில் நான் நல்லவனாக வரமாட்டேன். ஆகிலும் கர்த்தர் இதை எழுதும்படி பல மாதங்களாக என்னை ஏவிக்கொண்டே இருக்கிறார்.

ஏன் இப்போது என்றால், தகப்பனோ தாயோ மரித்தபின் வீட்டைப் பங்கு வைக்கிற காரியமாக நம் சபையில் மூன்று குடும்பங்கள் ஜெபத்துக்கு வந்தார்கள். பேர் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க. அதில் இரண்டு குடும்பங்களில் கூடப்பிறந்தவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் இந்தப் பக்கம் பாயிலும் மற்றவர் அந்தப் பக்கம் பாயிலும் உட்கார்ந்து, ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறார்கள். அந்த அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கிறவன் நான். எனக்குக் கை நடுங்குகிறது.

எங்கள் அம்மா 2017-ஆம் வருஷம் ஜூலை மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அப்பா அதற்கு முன்னே, 1998-இல் போய்விட்டார். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். நாங்க மூணு பேர்: அண்ணன், அக்கா, கடைசியில் நான். அப்பா கொத்தனார். ஊரெல்லாம் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் தன் வீட்டுக்குக் கல் வைத்தார். கட்டி முடிக்க நாலு வருஷம் ஆயிற்று.

அடக்க ஆராதனை முடிந்து, ஆறுதல் கூட்டமும் முடிந்து, வந்த ஜனங்கள் போனபின் அந்த வீடு எப்படி இருந்தது என்று, பெற்றோரைப் பறிகொடுத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் கண்ணாடி வேதாகமத்தின் மேலேயே இருந்தது. ஒரு கால் ஒடிந்து, அதற்குப் பதிலாக வெள்ளை நூல் கட்டியிருந்தார்கள். ஜன்னலில் தைலக் குப்பி. அடுக்களையில் உப்பு மரவை. அரிசிப் பானைக்குள் கையை விட்டால் ஒரு துணி முடிச்சு, அதில் ஐந்நூற்று முப்பது ரூபாய், கூடவே "காணிக்கை" என்று எழுதிய துண்டுச் சீட்டு. மரித்தவர்கள் வீட்டைத் துப்புரவாக்குவது பெரிய கொடுமை, ஜனமே. எதைத் தொட்டாலும் அழுகை வருகிறது.

அந்த அழுகை காய்வதற்குள்ளே வீட்டை வாங்க ஆள் வந்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில், மதில் சூழ்ந்த பட்டணத்து வீட்டை விற்றவன் ஒரு வருஷத்துக்குள் அதைத் திரும்ப மீட்டுக்கொள்ளலாம் என்று ஒரு பிரமாணம் இருக்கிறது. வருஷம் கடந்தால் அது வாங்கினவனுக்கே நிலைக்கும். மனுஷனுக்கு விற்றபின் மனம் மாறும் என்று கர்த்தருக்குத் தெரியும். நம்முடைய தேசத்துச் சட்டத்தில் அந்த ஒரு வருஷம் கிடையாது. பதிவு ஆனால் ஆனதுதான். ஆகையால் அந்த ஒரு வருஷத்தை விற்கிறதற்கு முன்னாலே நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கடன்காரன் வாசலில் நின்றால் வேறு விஷயம். சிலர் நாபோத்தைக் காட்டி, முற்பிதாக்களின் சுதந்தரத்தை விற்கவே கூடாது என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மூன்று பிள்ளைகளும் மூன்று ஊரில் இருக்க, பூட்டிய வீடு கறையானுக்குப் போவதில் அம்மாவுக்கு என்ன கனம்? விற்கலாம். எப்படி விற்கிறோம் என்பதில்தான் நான் விழுந்தேன்.

வந்தவர் நாற்பத்திரண்டு லட்சம் சொன்னார். அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். "ஆளுக்கு இருபத்தொண்ணு. தங்கச்சிக்கு 1985-ல இருபத்தஞ்சு பவுன் போட்டு, ஸ்ரீதனமும் கொடுத்துதான் இறக்கி விட்டோம். அவளுக்கு ரெண்டு லட்சம் கையில கொடுத்து ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிருவோம். நீ பாஸ்டர், நீ சொன்னா அவ தட்டமாட்டா."

கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? என் ஊழியத்தைத்தான் அண்ணன் கருவியாகக் கேட்டார். நானும் கொடுத்தேன். எனக்குள்ளே ஒரு பரிசுத்தமான காரணம் இருந்தது! 2016-இல் நாம் சபைக்கு இடம் வாங்கி, அஸ்திபாரம் போட்டு, பணமில்லாமல் நிறுத்தி வைத்திருந்தோம். என் பங்கு இருபத்தொரு லட்சத்தையும் அப்படியே ஆலயத்துக்குப் படைத்துவிடுவேன் என்று முழங்காலில் நின்று பொருத்தனை பண்ணியிருந்தேன். அக்காவுடைய பங்கிலிருந்து வருகிற ஏழு லட்சமும் அதற்குள் இருந்தது. அதை நான் கர்த்தரிடத்தில் சொல்லவில்லை.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கொர்பானைக் குறித்துப் பேசினதை நான் எத்தனை தடவை பிரசங்கித்திருக்கிறேன்! தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை, இது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை அவர் கடிந்துகொண்டார். வீட்டாருக்குரியதை எடுத்துப் பலிபீடத்தில் வைத்தால் பலிபீடம் அதைப் பரிசுத்தமாக்காது. இதை மற்றவர்களுக்குச் சொல்லும்போது எவ்வளவு தெளிவாக இருந்தது, தெரியுமா?

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் மரித்து ஆறு வருஷமாகியிருந்தது. ஒத்திக்கு எடுத்த வீடு, ஒரே அறை. அக்கா அண்டி ஆபீஸில் வேலை. முந்திரிக் கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, ரேகை தேய்ந்து போயிருக்கும். அம்மா படுக்கையில் கிடந்த கடைசி இரண்டு வருஷமும், வேலை முடிந்து பஸ் ஏறி வந்து அம்மாவைக் குளிப்பாட்டினது அந்தக் கைதான். அண்ணன் பணம் அனுப்பினார், நான் ஜெபம் பண்ணினேன்.

காரியத்தைச் சொன்னேன். அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எனக்கு என்னத்துக்குப்பா பங்கு. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருந்தாப் போதும். அம்மை வீடுன்னு வந்துபோக ஒரு வாசல் இருந்தாச் சரி."

அந்த வாசலைத்தான் விற்கப்போகிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. "ஸ்தோத்திரம்" என்றேன். ஜெபித்துவிட்டுக் கிளம்பினேன். அந்த ஜெபத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அக்காவுக்கு இவ்வளவு பெருந்தன்மையான இருதயத்தைக் கொடுத்தீரே என்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன்!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இருபத்தைந்து பவுனில் ஐந்து பவுன் சங்கிலி எங்கே போனது என்று எனக்குத் தெரியும். 1989-இல் நான் வேதாகமப் பள்ளிக்குப் போகும்போது கட்டணத்துக்கு வழியில்லை. அக்கா கழுத்திலிருந்து கழற்றி அம்மா கையில் கொடுத்தாள். அடகு வைத்தார்கள். திருப்பவில்லை. அண்ணன் "இருபத்தஞ்சு பவுன்" என்று சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு புதன்கிழமை பத்திரம் எழுதுகிறவர் கடைக்குப் போனோம். அவர் எழுதி முடித்து, வழக்கப்படி வாசித்துக் காட்டினார். அக்கா படித்தது ஏழாம் வகுப்பு, ஆனால் வேதம் வாசிக்கிறவள், காது கூர்மை. என் பங்குக்குரிய தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் முழு மனதோடு விட்டுக்கொடுக்கிறேன் என்கிற இடம் வந்தபோது, கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

"தம்பி, ரூபாய் வாங்கிட்டேன்னு எழுதியிருக்கே. நான் வாங்கலையே?"

"அது சும்மா எழுத்துக்கு அக்கா. எல்லாப் பத்திரத்திலயும் அப்படித்தான் இருக்கும். ரெண்டு லட்சம் அண்ணன் பிறகு தருவார்."

"பிறகு தந்தா பிறகு எழுதலாமே. வாங்காததை வாங்கினேன்னு கையெழுத்துப் போடலாமாப்பா? பாவம் இல்லையா? நீ பாஸ்டர், நீ சொல்லு."

பிரியமானவர்களே, அவள் பங்கு கேட்கவில்லை. சண்டை போடவில்லை. பொய்யில் கையெழுத்துப் போடலாமா என்று தன் மேய்ப்பனிடத்தில் கேட்டாள். அந்தச் சின்னக் கடையில், மின்விசிறி சத்தத்தில், எனக்கு அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரம் கேட்டது. அனனியா விழுந்தபின் ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து வந்த சப்பீராளிடம், நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று பேதுரு கேட்டாரே, அதே மாதிரிக் கேள்வி. அங்கே ஊழியக்காரன் கேட்டான், விசுவாசி பொய் சொன்னாள். இங்கே விசுவாசி கேட்கிறாள், ஊழியக்காரன் நிற்கிறேன்.

இன்னும் பாருங்க, அனனியா விற்றதாவது அவனுடைய சொந்த நிலம். விற்குமுன் அது அவனுடையதுதான் என்று பேதுருவே ஒத்துக்கொள்கிறார். சீப்புரு தீவானாகிய பர்னபா விற்றதும் அவனுடையதே. நானோ அடுத்தவள் பங்கை எடுத்துக் காணிக்கை போடப் பார்த்தேன். அப்படியானால் நான் அனனியாவிலும் கேடுகெட்டவன்.

"இன்னைக்கு வேண்டாம் அக்கா, வீட்டுக்குப் போவோம்" என்றேன். பஸ்ஸில் இரண்டு பேரும் பேசவில்லை.

மறுநாள் பக்கத்து ஊரில் ஒரு அடக்க ஆராதனை இருந்தது. அதற்கு வசனம் எடுக்க இராத்திரி ஆதியாகமம் 23-ஐத் திறந்தேன். சாராள் நூற்றிருபத்தேழு வயதில் எபிரோனில் மரிக்கிறாள். ஆபிரகாம் புலம்பி அழுகிறான். பிணத்தண்டையிலிருந்து எழுந்து ஏத்தின் புத்திரரிடம் இடம் கேட்கிறான். எப்பெரோன் எல்லாரும் கேட்க, நிலத்தையும் குகையையும் சும்மா தருகிறேன், எடுத்துக்கொள்ளும் என்கிறான். விசுவாசத்தின் தகப்பன் "ஸ்தோத்திரம், கர்த்தர் கொடுத்தார்" என்று வாங்கிக்கொண்டானா? இல்லை. குனிந்து வணங்கி, நிலத்தின் விலையைத் தருகிறேன் என்கிறான். எப்பெரோன் நானூறு சேக்கல் என்று சொல்லி, உமக்கும் எனக்கும் நடுவே அது என்ன பெரிது என்று மறுபடியும் நழுவுகிறான். ஆபிரகாம் வாதாடாமல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறான். ஊர் வாசலில், சாட்சிகளுக்கு முன்பாக, வியாபாரிகளிடத்தில் செல்லும் வெள்ளி. அந்த நிலத்தில் நின்ற மரங்கள்கூட எழுதப்பட்டிருக்கிறது. நம் ஊர்ப் பத்திரத்தில் தென்னை, பலா என்று எழுதுவோமே, அதுபோல!

சபையில் சொல்லப்படுகிற "சும்மா எடுத்துக்கொள்" என்ற வார்த்தைக்கு எவ்வளவு எடை என்று ஆபிரகாம் அறிந்திருந்தான். அது மரியாதைக்குச் சொல்லுகிற வார்த்தை. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் "எனக்கு எதுக்குப்பா பங்கு" என்று சொல்லுகிறதும் அந்த வார்த்தைதான். பங்கு கேட்டால் அண்ணன் முகம் திருப்புவான், மைனி குத்திப் பேசுவாள், நாளைக்குத் தன் மகளுக்கு மாமன் முறை செய்ய ஆள் இராது. இந்தப் பயமெல்லாம் சேர்ந்து "வேண்டாம்" என்று வெளியே வருகிறது. நாம் அதைக் கேட்டவுடனே பத்திரம் எழுதுகிறவரைத் தேடுகிறோம். ஆபிரகாமோ தராசைத் தேடினான்.

அன்று இராத்திரி என் மனைவியை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. "இருபத்தொண்ணுன்னு நீங்க பொருத்தனை பண்ணினப்பவே எனக்குக் கணக்கு இடிச்சுது. மூணு பிள்ளைக்கு நாற்பத்திரண்டுன்னா பதினாலுதானே வரும்?" என்றாள். அவ்வளவுதான்.

சகோதரரே, இதில் தேசத்துச் சட்டம் என்ன சொல்லுகிறது என்றும் அறிந்துகொள்ளுங்கள். அறியாமல் இருப்பதையே சிலர் சௌகரியமாக வைத்துக்கொள்கிறோம். நம்முடைய அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேருமுன் திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை. அங்கே கிறிஸ்தவர்களுக்கென்று 1916-ஆம் வருஷத்து வாரிசுச் சட்டம் ஒன்று இருந்தது. தகப்பன் உயில் எழுதாமல் மரித்தால் மகளுக்கு, மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. அந்தச் சட்டம் போய்விட்டது. ஆனால் நம் திண்ணைப் பேச்சில் அது சாகவே இல்லை. எங்கள் அண்ணன் பேசினது அந்தச் சட்டத்தைத்தான், அதன் பேர் அவருக்குத் தெரியாவிட்டாலும்.

மேரி ராய் என்கிற ஒரு தாயார், கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்தினவர், தகப்பன் சொத்தில் தனக்கும் சம உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் 1951-லேயே முடிந்துபோயிற்று, அன்று முதல் அங்குள்ள கிறிஸ்தவர்களுக்கும் 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டமே என்று நீதிபதிகள் சொன்னார்கள். அந்தச் சட்டத்தில் மகன், மகள் என்ற பேதம் இல்லை. உயில் இல்லாமல் தகப்பன் மரித்தால் தாயாருக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. தாயாரும் உயில் எழுதாமல் போனால் அவர்கள் பங்கும் அதேபோலச் சமமாக. உயிரோடிருக்கும்போது ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை இந்தப் பங்கில் கழிக்கவும் கூடாது. அப்படியானால் இருபத்தைந்து பவுன் கணக்கு செல்லாது. அந்தத் தீர்ப்பு வந்தபோது, பெண்பிள்ளைகளுக்குப் போகாதபடி உயில் எழுதி வையுங்கள் என்று கேரளத்தில் சில இடங்களில் பிரசங்கபீடத்திலிருந்தே ஆலோசனை சொன்னார்களாம். மேரி ராய் 2022 செப்டம்பரில் மரித்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் என் அக்காவுக்கு நான் செய்யத் தவறினதை அவர் செய்து வைத்திருந்தார்.

அண்ணனிடம் போய், அக்காவும் விற்கிறவளாகக் கையெழுத்துப் போடட்டும், மூன்று பங்கு என்றேன். அவருக்கு வந்த கோபத்தை எழுதமுடியாது. அவரும் விசுவாசிதான், வேத அறிவு உள்ளவர். செலொப்பியாத்தின் குமாரத்திகளுக்குக் கர்த்தர் பங்கு கொடுத்தாரே என்றால், "அது ஆண் பிள்ளை இல்லாத வீடு" என்றார். அது உண்மைதான், எண்ணாகமம் 27-இல் அப்படித்தான் இருக்கிறது. யோபு 42-ஐக் காட்டினேன். ஏழு குமாரர் இருந்தும், யோபு தன் மூன்று குமாரத்திகளுக்கும் அவர்கள் சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான். அண்ணன் விடவில்லை. "லூக்கா பன்னிரண்டில ஒருத்தன் பங்கு பிரிச்சுத் தரச் சொன்னப்போ இயேசுவே அதில தலையிடல்ல. நீ பெரிய ஆளோ?"

இந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு வாசித்துப் பார்த்தேன். ஆண்டவர் பங்கு பிரிக்கிறவராக வரவில்லை என்று சொன்னது மெய். ஆனால் உடனே எதைக் குறித்து எச்சரிக்கிறார்? பொருளாசையைக் குறித்து. எங்கள் வீட்டில் பொருளாசை யாரிடத்தில் இருந்தது? பங்கு வேண்டாம் என்றவளிடத்திலா?

ஐந்து மாதம் இழுத்தது. ஒப்பந்தக் காலம் முடிந்துபோயிற்று. வாங்குகிறவர் வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றும் கேட்டார். அதற்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நில விற்பனையில் இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் முதல் சட்டம் இருக்கிறது. எல்லாரும் செய்கிறதுதானே பாஸ்டர் என்று கேட்கிற விசுவாசிகளுக்கு, அப்போஸ்தலர் 5-ஐயே மறுபடி வாசிக்கச் சொல்லுகிறேன். இதனாலெல்லாம் விலை முப்பத்தொன்பது லட்சமாக இறங்கியது. அண்ணன் அந்த மூன்று லட்சத்தையும் என் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். எழுதட்டும்.

2018-இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். மூன்று பேர் பேரிலும் தனித்தனி டி.டி., பதின்மூன்று லட்சம் வீதம். அக்காவின் ரேகை கருவியில் விழவில்லை. மூன்று தடவை துடைத்துத் துடைத்து வைத்தார்கள். எழுத்தர் சலித்துக்கொண்டார். நான் வெளியே போய் நின்றேன்.

இருபத்தொரு லட்சத்துக்குப் பண்ணின பொருத்தனை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பதின்மூன்று லட்சத்தில் முதலாவது ஐந்து பவுன் சங்கிலியின் இன்றைய விலையை அக்கா கையில் வைத்தேன். அவள் அழுதாள், வாங்கமாட்டேன் என்றாள். ஆபிரகாமை நினைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன், வாங்கும்வரை. மீதியைத்தான் ஆலயத்துக்குக் கொடுத்தேன். நம் கட்டிடம் அத்தனை வருஷம் தகரக் கூரையோடு நின்றதற்கு, கேட்டவர்களுக்கெல்லாம் "கர்த்தருடைய வேளை" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். முழுக் காரணம் இதுதான். சபையார் என்னை மன்னிக்க வேண்டும்.

இப்போது பங்கு பிரிக்க நிற்கிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வாரிசுச் சான்றிதழில் கட்டிக் கொடுத்த பிள்ளைகளின் பேரும் இருக்கவேண்டும். விட்டுவிட்டு வாங்காதீர்கள், அது அரசாங்கத்துக்கு முன்பாகச் சொல்லுகிற பொய். விற்கிறபோது எல்லாரும் விற்கிறவர்களாகக் கையெழுத்துப் போடுங்கள், பணம் அவரவர் பேருக்கே போகட்டும். அப்புறம் அக்காவோ தங்கையோ தன் கைக்கு வந்ததைத் தம்பிக்குக் கொடுக்க விரும்பினால், கொடுக்கட்டும். கைக்கு வந்தபின் கொடுப்பதுதான் கொடுப்பது. சகோதரிகளே, நீங்களும் பயத்தினாலே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அதற்கு விசுவாசம் என்று பேர் வைக்காதிருங்கள். உங்கள் "வேண்டாம்" உங்கள் சகோதரனைப் பாவத்துக்குள் தள்ளக்கூடும். என்னைத் தள்ளிற்று என்று சொல்லமாட்டேன், நானே நடந்து போனேன்.

அடுத்த வருஷம் அக்கா மூணு சென்ட் வாங்கி இரண்டு அறை கட்டினாள். பழைய வீட்டை வாங்கினவர் இடிக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடம் போய் முன்வாசல் நிலையை மட்டும் விலைக்குக் கேட்டாள். அயினி மரம், அப்பா தன் கையால் நிறுத்தினது. மூவாயிரம் ரூபாய் கொடுத்து, லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து தன் வீட்டுக்கு வைத்தாள்.

பிரதிஷ்டை ஜெபத்துக்கு அண்ணனையும் அழைத்திருந்தாள். அவர் என்னோடு பேசி ஒன்றரை வருஷமாகியிருந்தது. பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, ஜனங்கள் சாப்பிட உட்கார்ந்தபின் அவர் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று நிலையைத் தடவிப் பார்த்தார். "இதை நிறுத்துன அன்னைக்கு நான்தான் அப்பாவுக்குத் தண்ணி கோரிக் கொடுத்தேன்" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"உள்ளே வாங்கண்ணே, சாயா ஆறிப்போவும்" என்றாள் அக்கா.

அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்றினார்.